மத்தியானப் படகு

அத்தியாயம் பதினொன்று

“குழந்தையை டாக்டரிடம் காட்டவிடாமல் பெரிய மச்சானைக் குறுக்கே நிறுத்திவிட்டீர். உமக்குப் பெண் குழந்தை இருக்கிறதா?” என்று திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். இருக்கிறது, அம்மா. அதனால்தான் சிகாபுதீனை எனக்கு இவ்வளவு நன்றாகத் தெரியும்.

சென்ற வாரத்தைத் தவறவிட்டவர்கள் இதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். கொச்சியில், மட்டாஞ்சேரிப் பக்கத்துக் கொச்சங்காடியில் சுக்கு மண்டி வைத்திருக்கும் ராவுத்தர் குடும்பம். மூத்தவர் சிகாபுதீன், மனைவியை இழந்தவர், வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். தம்பி நஜ்முதீன் நல்லவன். நல்லவன் என்பதைத் தவிர அவனைப் பற்றிச் சொல்ல இதுவரை எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அவன் மனைவி சுலைஹா. இவர்களுடைய ஒரே மகள் மைமூன், எட்டு வயது.

மைமூன் காலையில் வீட்டை இரண்டு பண்ணுவாள். பொழுது ஏற ஏற அவள் இமைகள் தொங்க ஆரம்பிக்கும். சோற்றை மெல்ல முடியாமல் வாயிலேயே வைத்துக்கொண்டிருப்பாள். பேச்சு மூக்கால் வரும். மாடிப்படியில் பாதி ஏறி உட்கார்ந்துவிடுவாள். ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும். இது என்ன வியாதி என்று சொன்னவர் யாரும் இல்லை. எர்ணாகுளத்தில் ஒரு டாக்டர் வயிற்றில் பூச்சி என்றார். ஆலப்புழையில் டானிக் கொடுத்தார்கள். திருச்சூர்க்காரர், பிடிவாதம், இரண்டு போட்டால் சரியாகும் என்றார். கடைசியாகப் பார்த்தவர் குழந்தையை விட்டுவிட்டு சுலைஹாவுக்குத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இந்த நிலைமையில்தான் கமலாக்ஷி வந்து சேர்ந்தாள். பாலக்காட்டு அக்ரஹாரத்துப் பெண். மதராஸில் சமூக சேவை படித்துவிட்டு, பேர் தெரியாத வியாதியை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் எங்கெங்கே அலைகின்றன, யார் என்ன சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள், வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறாள். போன வருஷம்தான் ஜனத்தொகைக் கணக்கு எடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். இவளும் அந்த வகையறா என்று நினைத்து மட்டாஞ்சேரியில் பாதிப் பேர் ரேஷன் கார்டை நீட்டினார்கள்.

அவள் சுலைஹாவிடம் கேட்ட முதல் கேள்வி, “டாக்டர் சொன்னதெல்லாம் இருக்கட்டும். நீங்க என்ன பாத்தேள்?” என்பது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. சுலைஹா பொழுது சாயும்வரை பேசினாள். பேச்சுவாக்கில் ஒரு விஷயம் வெளியே வந்தது. அதைக் கேட்டதும் கமலாக்ஷி எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

குழந்தையை எந்த டாக்டரிடம் கொண்டு போனாலும் சுபுஹு தொழுகை முடிந்த கையோடு, தெரு விழிக்கும் முன்பு, முதல் படகில் கொண்டு போவார்கள். அது சிகாபுதீன் உத்தரவு. வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருக்கும்போது நோயாளிக் குழந்தையைத் தெருவில் காட்டக் கூடாது. படகில் ஏறியதும் மைமூன் அம்மா மடியில் இன்னொரு தூக்கம் போடுவாள். ஆஸ்பத்திரி திறந்ததும் முதல் ஆளாக, தலை சீவி, பொட்டுத் தூசி இல்லாத பாவாடையுடன், பளிச்சென்று டாக்டர் முன்னால் நிற்பாள். எந்த டாக்டருக்குத்தான் வியாதி தெரியும்? குழந்தையைத் தெருவிடமிருந்து ஒளித்ததாக நினைத்துக்கொண்டு, வியாதியை டாக்டர்களிடமிருந்து ஒளித்திருக்கிறார்கள்.

கமலாக்ஷி சும்மா இருக்கவில்லை. மதராஸிலிருந்து டாக்டர் விஸ்வேஸ்வரன் என்ற நரம்பு வைத்தியர் ஒரே ஒரு நாள் எர்ணாகுளம் வருவதைத் தெரிந்துகொண்டு அவரிடம் பேசினாள். அவர் ஒரு நிபந்தனை போட்டார். சுலைஹாவிடம் அதை அப்படியே வந்து சொன்னாள்: “சாயங்காலம் வரட்டும்கறார். மத்தியானம் கொழந்தையைத் தூங்க விடாதேங்கோ. முடிஞ்ச மட்டும் நடத்தியே கூட்டிண்டு வாங்கோ.”

அந்த ஒரு நாள் வியாழக்கிழமை. அதே வியாழக்கிழமைதான் லதீஃபாவைப் பெண் பார்க்கப் பாலக்காட்டிலிருந்து வருகிறார்கள். லதீஃபா, அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே தங்கை. டாக்டரை அடுத்த தடவை பார்க்கலாம் என்று சிகாபுதீன் சொல்லிவிட்டார். அந்த டாக்டருக்கு அடுத்த தடவை என்று ஒன்று இல்லை, அன்று ராத்திரியே ரயில் ஏறுகிறார் என்று சுலைஹா சொல்லிப் பார்த்தாள். சிகாபுதீன் காதில் அது விழுந்தது, உள்ளே போகவில்லை. அங்கேதான் போன வாரம் நிறுத்தினேன்.

இன்று அந்த வியாழக்கிழமை.

விடிந்ததிலிருந்து வீடு நெய்ச்சோற்று வாசனையில் மிதந்தது. மைமூன் அடுப்படிக்கும் கூடத்துக்குமாக ஓடினாள். சமையலுக்கு ஒத்தாசையாக இருக்கும் சீனியம்மாளிடமிருந்து முந்திரிப்பருப்பைத் திருடித் தின்றாள். சிகாபுதீன் அதைப் பார்த்துக்கொண்டே சாயா குடித்தார்.

“இதுக்கா டாக்டரு?” என்று தம்பியிடம் கேட்டார். கேட்டது தம்பியிடம், கேட்க வேண்டியவள் அடுப்படியில் இருந்தாள்.

காலை வேளையில் சுலைஹாவின் வார்த்தைக்கு உலகத்தில் சாட்சி கிடையாது. அவள் வெங்காயத்தை மட்டும் தேவைக்கு மேல் பொடியாக நறுக்கினாள்.

சிகாபுதீனை இந்த இடத்தில் ஒரேயடியாகக் கெட்டவராக்கிவிட எனக்கும் ஆசைதான். வாசகியும் சந்தோஷப்படுவார். ஆனால் லதீஃபாவுக்கு முன்பு ஒரு இடம் நிச்சயமாகி, அந்த வீட்டில் எதுவோ நோய் இருக்கிறதாமே என்று யாரோ ஊதிவிட்டதில் கலைந்துபோனது. அன்றைக்குத் தங்கை சாப்பிடாமல் படுத்துக் கிடந்ததைப் பார்த்தவர் அவர். அத்தா இல்லாத பெண்ணைக் கரையேற்ற வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்குத் தெரியும். அதற்காகத் தம்பி மகளைக் கொஞ்ச நேரம் மறைத்து வைப்பது அவருக்குப் பெரிய பாவமாகத் தோன்றவில்லை. இப்படிப்பட்டவர்களோடு சண்டை போடுவதுதான் கஷ்டம்.

விருந்தாளிகள் முற்பகலிலேயே வந்துவிட்டார்கள். அவர்கள் தலை தெரிவதற்குள் மைமூனைச் சுக்கு மூட்டை அடுக்கி வைக்கும் கிட்டங்கி மாடிக்கு அனுப்பியாகிவிட்டது. ஆண்கள் முன்கட்டில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா உள்கூடத்தில் சுவரில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்து, வீட்டை ஒரு சுற்றுப் பார்த்து, சிரித்தாள். கெட்டிக்காரி என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. லதீஃபா பட்டுச் சேலையில் வந்து சலாம் சொன்னாள். கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. இருந்தாலும் அந்தக் காலத்துப் பெண்மணி, சாப்பிட்டுவிட்டுப் பிற்பகல் அஸர் தொழுத பிறகு பதில் சொல்கிறேன் என்றாள்.

வீட்டில் வேறு பெரிய பெண் துணை இல்லை. சுலைஹாதான் பரிமாறினாள், விசாரித்தாள், வெற்றிலை மடித்தாள். எல்லாம் முறைப்படி நடந்தது. பந்தி முடிந்து பாத்திரம் ஒதுக்கியானதும் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டங்கி மாடிக்கு ஏறினாள்.

சாக்குகளுக்கு நடுவே பாயில் மைமூன் படுத்திருந்தாள். அரைக்கண் மூடியிருந்தது. சுலைஹா அவளைத் தூக்கி உட்கார வைத்தாள்.

“தூங்கக் கூடாதுடா. போட்டுல போறோம்.”

குழந்தைக்குப் படகு என்றால் உயிர். எழுந்து நின்றாள். இறங்கி வந்து அம்மா கொல்லைக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தபோது கேட்டாள்: “இன்னைக்கும் ஒளிஞ்சா போறோம், அம்மா?”

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம்வரை சுலைஹா கொல்லை வழியாகத்தான் போக இருந்தாள். வீரமெல்லாம் ஒன்றும் திட்டம் போட்டு வைத்திருக்கவில்லை. பாலக்காட்டுக்காரர்கள் பாட்டுக்குப் பதில் சொல்லட்டும், தான் பாட்டுக்குப் போய்விட்டு வரலாம் என்பதுதான் அவள் கணக்கு. குழந்தை கேட்ட கேள்வி அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. எட்டு வயதில், இப்படிப் போவதற்கு ஒளிவது என்று குழந்தையே ஒரு பேர் வைத்துவிட்டதே என்று இருந்தது. தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள்.

“இல்ல” என்றாள். “வாசல் வழியாப் போறோம்.”

உள்கூடத்தைத் தாண்டாமல் வாசலுக்குப் போக முடியாது. சிகாபுதீன் அப்போது பார்த்துக் கூடத்து வாசற்படியில் நின்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் சீர் விஷயம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நஜ்முதீன் அவருக்குப் பின்னால் நின்றான். லதீஃபா மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

“இந்தப் புள்ளை யாரு?” என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள்.

“பக்கத்து வீட்டுப் புள்ள” என்றார் சிகாபுதீன்.

யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்துவிட்டது. சொன்னவுடன் அவர் முகமே கறுத்துவிட்டதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான். மைமூன் தன் பெரியத்தாவை நிமிர்ந்து பார்த்தாள். நஜ்முதீன் தரையைப் பார்த்தான். தரையில் அவனுக்கு என்ன கிடைத்ததோ தெரியாது.

சுலைஹா புருஷன் பேசுவான் என்று கொஞ்சம் பொறுத்தாள். பிறகு குழந்தையின் தோளில் கை வைத்து, அந்த அம்மாளுக்கு நேராக நின்று சொன்னாள்.

“என் மக. பேரு மைமூன். இவளுக்கு உடம்புக்குச் சொகமில்ல, என்ன நோய்னு இதுவரைக்கும் யாருக்கும் தெரியல. டாக்டர்கிட்ட காட்டப் போறேன். நான் இல்லாம நீங்க கெளம்ப வேண்டி வந்தா, பொறுத்துக்கணும்.”

சலாம் சொன்னாள். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பஜார் ரோட்டில் வெயில் இன்னும் இறங்கவில்லை. கைவண்டிகளும் சாக்கு மூட்டைகளும் பாதையை அடைத்துக்கொண்டிருந்தன. மண்டிக்காரர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் வந்து நின்று பல் குத்தும் நேரம். நஜ்முதீனோடு வருஷக்கணக்கில் வியாபாரம் செய்கிறவர்கள், அவனுக்கு இப்படி ஒரு மகள் இருப்பதை அன்றுதான் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று சுலைஹா நினைத்தாள். தலைப்பை இழுத்துவிட்டுக்கொள்ளக்கூட இல்லை.

முதலில் மைமூன் வாய் ஓயாமல் பேசினாள். அது என்ன, இது என்ன, அந்த யூதத் தெரு மணிக்கூண்டில் ஏன் புரியாத எழுத்தில் எழுதியிருக்கிறது. காலை இருட்டிலேயே பார்த்துப் பழகிய தெரு அவளுக்கு வெளிச்சத்தில் புதிதாக இருந்தது. சுலைஹா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, இன்னும் பேச வைத்தாள். கொஞ்ச தூரம் போனதும் குரல் மாறியது. வார்த்தை மூக்கில் போய் ஒட்டிக்கொண்டது. இடது இமை முதலில் விழுந்தது, பிறகு வலது. குழந்தை மோவாயை உயர்த்தி, விழுந்த இமைக்கு அடியிலிருந்து வழியைப் பார்த்து நடந்தது.

“தூக்கும்மா.”

“கொஞ்சம் நட, கண்ணு.”

“கால் வரல.”

இந்த வார்த்தைக்குத் தூக்காமல் இருந்த நாள் சுலைஹாவின் வாழ்க்கையில் இல்லை. இன்றைக்குத் தூக்கவில்லை. நின்றாள், மூச்சு வாங்க விட்டாள், மறுபடி கையைப் பிடித்து நடத்தினாள். தன்னைப் போல் ஒரு கொடுமைக்காரி உண்டா என்று நினைத்தாள். ஒரு ரிக்ஷாக்காரர் கூடவே வந்தார். “கொச்சினெ கேற்றிக்கோ இத்தாத்தா, பைசா வேண்டா” என்று, குழந்தையை வண்டியில் ஏற்றிக்கொள்ளச் சொன்னார். இவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். மீன் கூடைக்காரி ஒருத்தி, பெற்றவள்தானா நீ என்று மலையாளத்தில் உரக்கவே கேட்டுவிட்டுப் போனாள்.

சுலைஹா ஒரு மண்டிப் படியில் குழந்தையை உட்கார வைத்து எதிரில் குந்தினாள்.

“மைமூன், இங்க பாரு. உன் அசதியை இன்னைக்கு டாக்டரு அவரு கண்ணால பாக்கணும். வழியில நான் தூக்கிட்டா அது போயிடும். அதைப் பத்திரமாக் கொண்டுபோறோம் நாம ரெண்டு பேரும். சரியா?”

குழந்தை யோசித்தது. “சிந்தாமக் கொண்டுபோகணுமா?”

“ஆமா.”

மைமூன் தானாகவே எழுந்து நின்றாள். படகுத்துறை வரை நடந்தாள். இரண்டு தடவை முழங்கால் மடங்கி விழப்போனாள், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சமாளித்தாள்.

துறையில் டிக்கெட் வாங்கிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஓடி வருகிற சத்தம் கேட்டது. நஜ்முதீன். சட்டையெல்லாம் வியர்வை. மகளைப் பார்த்ததும் அப்படியே வாரி எடுக்கக் குனிந்தான்.

“தொடாதீங்க மச்சான்” என்றாள் சுலைஹா.

அவன் கையை இழுத்துக்கொண்டான். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனிடம் இந்தக் குரலில் பேசியதில்லை. ஏன் தொடக் கூடாது என்று அவள் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில், அவள் நடைக்கு நடந்து, பலகை வழியாகப் படகில் ஏறினான். நல்லவன் என்பதோடு இன்னொன்றும் அவனைப் பற்றி இனி நான் எழுதலாம்.

அவனுக்குப் பின்னால் துப்பட்டியை முகம்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு இன்னொருத்தியும் ஏறினாள். உள்ளே பட்டுச் சேலை தெரிந்தது. லதீஃபா.

சுலைஹாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் இருக்க, பெண் படகில் இருக்கிறாள். நஜ்முதீன் பரிதாபமாகச் சொன்னான், யூதத் தெரு திரும்பும்போதுதான் இவள் பின்னால் வருவதையே பார்த்தானாம், போ என்று அதட்டினானாம், நீ வேண்டுமானால் போ என்று அவனிடமே சொல்லிவிட்டாளாம்.

“என்ன காரியம் பண்ணிட்டே லதீஃபா” என்றாள் சுலைஹா.

“மதினிக்குத் துணையா வந்தேன்.”

துப்பட்டியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். படகு வெலிங்டன் தீவை ஒட்டிப் போனது. பாரந்தூக்கிகள் மூட்டைகளைக் கப்பலுக்குள் இறக்கிக்கொண்டிருந்தன. மைமூன் பார்க்க ஆசைப்பட்டுத் தன் விரலாலேயே ஒரு இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நஜ்முதீன் அதைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். காலையில் மண்டிக்குப் போய், ராத்திரி குழந்தை தூங்கிய பிறகு வருகிறவன். மகளின் சாயங்காலத்தை அவனும் சரியாகப் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் கமலாக்ஷி காத்துக்கொண்டிருந்தாள். மைமூனைப் பார்த்தவுடன் நேராக உள்ளே அழைத்துப் போனாள்.

டாக்டர் விஸ்வேஸ்வரன் நிதானமான மனிதர். குழந்தையை நாற்காலியில் உட்கார வைத்து, கூரையைப் பார்த்துக்கொண்டே இரு என்றார். மைமூன் பார்த்தாள். பார்க்கப் பார்க்க, கொஞ்ச நஞ்சம் திறந்திருந்த இமைகளும் மெல்ல இறங்கி மூடிக்கொண்டன. தெரிந்த வாய்ப்பாட்டைச் சொல்லு என்றார். தொடங்கும்போது புரிந்த வார்த்தைகள் போகப் போகக் குழைந்து, கடைசியில் வெறும் சத்தமாகிவிட்டன. கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். கை தானாக இறங்கியது.

மைமூனுக்குப் பயம் வந்துவிட்டது. டாக்டர்கள் அறையில் அடுத்து என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

“நான் நடிக்கல” என்றாள். பாதி வார்த்தை மூக்கில் நின்றுவிட்டது.

“தெரியுதும்மா” என்றார் டாக்டர். “நீ நடிக்கல.”

சுலைஹா அழுதாள். இத்தனை வருஷத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் அழாதவள், அங்கே நின்றபடி, யாருக்கும் வெட்கப்படாமல் அழுதாள். டாக்டர் அவள் அழுது முடிக்கும்வரை எழுதிக்கொண்டிருந்தார். பிறகு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். இன்றைக்கு நோய்க்குப் பேர் சொல்ல மாட்டேன். ஒரு சந்தேகம் இருக்கிறது. ஒரு மருந்து போட்டுப் பார்க்க வேண்டும், குழந்தை சில நாள் இங்கேயே இருக்க வேண்டும். என் சந்தேகம் தப்பாகவும் இருக்கலாம். ஆனால் நான் பார்த்ததை எழுதி வைத்துவிட்டுப் போகிறேன், இனிமேல் ஒன்றுமில்லை என்று உங்களை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. சிகாபுதீன் நின்றார். அடுத்த படகைப் பிடித்து வந்திருக்கிறார். மேல்மூச்சு வாங்கியது, ஆனால் முகத்தில் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது. நாற்காலியில் சரிந்து கிடந்த மைமூனைப் பார்த்துச் சற்றுத் தடுமாறினார். அவரும் இந்த நேரத்து மைமூனைப் பார்த்துப் பல நாளாகியிருக்க வேண்டும். பிறகு தங்கையிடம் திரும்பினார்.

“சம்மதம் சொல்லிட்டாங்கம்மா. புள்ளையை டாக்டர்கிட்ட கூட்டிப்போனதும் நல்லதுதான், நீ துணைக்குப் போனதும் நல்லதுதான்னு அந்தம்மா சொல்றாங்க. உனக்குச் செயின் போட்டுட்டுப் போகணும்னு உக்காந்திருக்காங்க. எந்திரி, போவோம்.”

சுலைஹாவுக்கே மனசு குளிர்ந்துபோனது. எதற்குப் பயந்து இத்தனை வருஷம் குழந்தையை இருட்டில் கொண்டுபோனார்களோ, அது இவ்வளவுதானா என்று இருந்தது. ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

லதீஃபா எழுந்திருக்கவில்லை.

டாக்டர் தன் வேலையில் இருந்தார். காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி, குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த மாதிரி உண்டா என்று பொதுவாகக் கேட்டார்.

சிகாபுதீன் முந்திக்கொண்டார். “எங்க குடும்பத்துல அப்படி யாருக்கும் கெடையாது டாக்டர்.”

“இருக்கு, பெரியண்ணே” என்றாள் லதீஃபா.

துப்பட்டியை முகத்திலிருந்து விலக்கினாள். ஜன்னல் வெளிச்சம் அவள் மேல் விழுந்தது. இரண்டு இமைகளும் பாதிக்கு மேல் இறங்கியிருந்தன.

லதீஃபா டாக்டரைப் பார்த்துப் பேசினாள். மைமூன் அளவுக்கு இல்லை என்றாள். இரண்டு மூன்று வருஷமாக இருக்கிறது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட்டு, தலைவலி என்று படுத்துவிடுவாள். விளக்கு வைத்த பிறகு யார் முகத்தையும் நேராகப் பார்க்க மாட்டாள். பெண் பார்ப்பதை முற்பகலில் வைக்கச் சொன்னதே அவள்தான். அந்த வித்தையை அவள் வேறெங்கும் போய்க் கற்கவில்லை, மைமூனை அவர்கள் நடத்திய விதத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டாள்.

சுலைஹாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒரே வீடு, ஒரே அடுப்படி, ஒரு வார்த்தை சொன்னாளா? அப்புறம்தான் தோன்றியது, தான் ஒரு வார்த்தை கேட்டோமா என்று. போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

நஜ்முதீன் பதறிப்போய் கமலாக்ஷியிடம் குனிந்து, இதை எழுத வேண்டாம் மிஸ் என்று கெஞ்சினான். பேரெல்லாம் மாற்றித்தான் போடுவேன், பயப்படாதேங்கோ என்று அவள் மெதுவாகச் சொன்னாள்.

“மாத்த வேண்டாம் மிஸ்” என்றாள் லதீஃபா. “எம் பேரையே போடுங்க.”

சிகாபுதீன் கதவுப் பிடியை விடாமல் நின்றார். வீட்டில் செயினோடு ஆட்கள் காத்திருக்கிறார்கள், அம்மா, என்றார். கண்ணை மூடித் திறந்தால் முடிந்துவிடும், இன்றைக்கு மட்டும் ஒன்றும் சொல்லாதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். எப்போதும் உத்தரவு போடுகிறவர் அன்று யாசகம் கேட்டார்.

லதீஃபா மோவாயை உயர்த்தி, இறங்கிய இமைகளுக்கு அடியிலிருந்து அண்ணனை நேராகப் பார்த்தாள். பொழுது சாய்ந்த பிறகு அவள் ஒருவரை அப்படிப் பார்த்து இரண்டு மூன்று வருஷமாகிறது.

“அவங்களை இருக்கச் சொல்லுங்க பெரியண்ணே. காலையில பாத்தாங்கல்ல, சாயங்காலமும் ஒரு தடவை என்னைப் பாத்துட்டுச் சொல்லட்டும்.”